படலையடி

ஊரிமுனைப் பெண்களுக்கு ஒரு பாதை இருந்தது. அது தண்ணீருக்கு அடியில் இருந்தது.

கடலோடு சேரும் ஆழமற்ற களப்பின் இக்கரையிலிருந்து எதிரே கறுப்பாய்த் தெரியும் கண்டல் மரத் திட்டு வரை, முழங்காலளவும் சில இடங்களில் இடுப்பளவும் நிற்கும் நீரில், சேறு இறுகிக் கிடந்த ஒடுங்கிய வழி அது. எந்த வரைபடத்திலும் இல்லை. கண்ணுக்கும் தெரியாது. பாதங்களுக்கு மட்டும் தெரியும். பறிக்கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் தாய்க்குப் பின் மகளாய் நடந்து நடந்து இறுக்கிய வழி.

மடு மாதா கோவில் திருவிழா முடிந்து ஊர் திரும்பிய மறுநாள் காலை, பிலோமினாதான் முதலில் அதில் இறங்கினார். ஊரே திருவிழாவுக்குப் போயிருந்த ஐந்து நாட்களில், கடல்நீரை நன்னீராக்கும் புதிய ஆலையின் கழிவுக் குழாய்க்காக மிதவை இயந்திரமொன்று வந்து அந்த வழியைக் குறுக்கே வெட்டிவிட்டுப் போயிருந்தது. ஒன்பதடி ஆழம். எச்சரிக்கைக்கு நட்ட சிவப்புக் கொடிகளைச் சோளகக் காற்று கொண்டுபோயிருந்தது. பின்னால் வந்த பெண்கள் பிலோமினாவின் பறி மிதப்பதைத்தான் கண்டார்கள்.

அந்தச் சாவின் முப்பத்தோராம் நாள், கலைவதனி மீண்டும் ஊரிமுனைக்கு வந்தாள். வாகனத்தில் அவளுக்குப் பக்கத்தில், அவள் வேலை செய்யும் உதவி நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து வந்த ஹென்ரிக் இருந்தார். அவர் மடியில் ஒரு கைக்கணினியும், அதன்மேல் மடித்த ஒற்றைத் தாளும் இருந்தன.

தாளில் ஒரே ஒரு கேள்வி. குழாய்க்கு முன்பு ஊரின் கருத்து முறையாகக் கேட்கப்பட்டதா? இரண்டு வருடம் வீடு வீடாகப் போய் அந்த ஊரின் பேச்சைப் பதிந்தவள் கலைவதனி. ஆகவே கையெழுத்து அவளுடையது. ‘ஆம்’ என்றால் பிலோமினாவின் சாவு விபத்து. குழாய், ஏற்கெனவே வெட்டிய வழியிலேயே போகும். பாதை இனி இல்லை. ‘இல்லை’ என்றால் வேலை நிற்கும்; குழாய் களப்பை விட்டு கடல் பக்கமாகத் திரும்பும். ஆனால் அதே முறையில் கேட்கப்பட்ட மற்ற நாற்பத்தொரு ஊர்களின் வேலைகளும் நிற்கும். அவளுடைய வேலையும்.

“நான் இந்த ஊரோடு நாற்பது தடவைக்கு மேல் பேசியிருக்கிறேன்,” என்றார் ஹென்ரிக். “ஆனால் இப்போதுதான் வருகிறேன். விசித்திரமாக இருக்கிறது.”

அவர் அதை வெட்கத்தோடுதான் சொன்னார். கெட்ட மனிதரில்லை. கலைவதனிக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

அவர் பேசியது ஊரோடு அல்ல, ஊர்க்குரலோடு. அறுபத்துமூன்று குடும்பங்களின் பேச்சையும் கேட்டுப் பழகிய இயந்திரம் அது. அறுபத்துமூன்று குரல்களையும் கலந்து செய்த ஒரு பெண்குரல் அதற்கு. ஊரில் எங்கே கிணறு வெட்டலாம், எந்த மாதம் வேலை தொடங்கலாம் என்று ஏழாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து கேட்டால், அந்த ஊர் எப்படிப் பதில் சொல்லுமோ அப்படிச் சொல்லும்.

அது நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். யுத்தம் முடிந்த பிறகு ஊரிமுனைக்கு வராத நிறுவனம் இல்லை. எல்லோரும் அதே படிவத்தோடு வந்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் காணாமல் போனார்கள், மலசலகூடம் இருக்கிறதா. ஒரே துக்கத்தைப் பத்துத் தடவை சொல்லவைப்பது பாவம் என்று யாரோ ஒருவர் நினைத்தார். ஒருதரம் ஒழுங்காகக் கேட்டுப் பதிந்துவிட்டால் பிறகு அவர்களைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று கலைவதனியும் அதை நம்பினாள்.

“குழாயைப் பற்றி நானே கேட்டேன்,” என்றார் ஹென்ரிக். “மூன்று விதமாகக் கேட்டேன். களப்பு வழியாகப் போகலாமா? அந்தப் பகுதியை யாராவது பயன்படுத்துகிறார்களா? எப்போது வெட்டலாம்?”

“என்ன சொன்னது?”

அவர் கைக்கணினியைத் திறந்து, தனக்கு மொழிபெயர்த்துக் காட்டப்பட்ட பதிலின் தமிழ் மூலத்தைத் தேடி எடுத்தார். ஊர்க்குரல் பேசியது. நிதானமான, மரியாதையான குரல்.

“உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கோ. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் பாத்துச் செய்வீங்கள்தானே.”

கலைவதனி வெளியே பார்த்தாள். உப்புப் பூத்த வெளி ஓடிக்கொண்டிருந்தது.

இயந்திரம் பொய் சொல்லவில்லை. ஊர் அப்படித்தான் சொல்லும். அவளுக்கு மனப்பாடம்.

வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்வது, கொடுத்த தேத்தண்ணிக்குக் கூலி கேட்பதைப் போல. ஊரிமுனையில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். வந்தவர் இருக்கிறவரை எல்லாம் நல்லது, கடவுள் காப்பாற்றுகிறார், ஒரு குறையும் இல்லை. வந்தவர் எழுந்து “அப்ப நான் போட்டு வாறன்” என்று சொல்லவேண்டும். வீட்டுக்காரர் கூடவே நடந்து வேலிப் படலை வரைக்கும் வருவார். கிடுகு வேலியில் கம்பியால் கட்டிய அந்தத் தகரப் படலையில் ஒரு கையை வைத்துக்கொள்வார். அப்போதுதான் பேச்சுத் தொடங்கும். போகிறேன் என்று சொன்னவர் விருந்தாளி இல்லை. இன்னும் போகாததால் அந்நியரும் இல்லை. அந்த இடைவெளியில்தான் அந்த ஊர் உண்மை பேசியது. சில நாள் வீட்டுக்குள் பத்து நிமிடம், படலையடியில் ஒரு மணித்தியாலம்.

பதிவுக் கருவி ஒரு சட்டைப் பொத்தான் அளவு; ஆனாலும் ஊரில் அதற்குப் ‘பெட்டி’ என்றுதான் பெயர். சம்மதம் வாங்கியது வீட்டுக்குள் நடக்கும் உரையாடலுக்கு மட்டும். எழுந்ததும் நிறுத்திவிடவேண்டும் என்பது விதி. யார் பேச்சையும் களவாகக் கேட்கக்கூடாது என்பதற்காக வைத்த விதி; நேர்மையான விதி. கலைவதனி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்ததும் எல்லோருக்கும் தெரிய அதை அழுத்தி நிறுத்தினாள். உப்புக் காற்றில் அந்தப் பொத்தான் சில நாட்களில் இறுகிப்போய் நிற்காமல் ஓடியது உண்டு. அலுவலகத்துக்கு அறிவித்தாள். எழுந்த பிறகு பதிவானதை இயந்திரமே தள்ளிவிடும், கவலைப்படாதே என்று பதில் வந்தது.

பிலோமினா அக்காவின் படலையில்தான் அவள் அதிக நேரம் நின்றாள்.

“ஒரு நிறுவனம் வந்து வீட்டுக்கு அஞ்சு கோழி தந்தது, பிள்ளை,” என்பார். “அடுத்த வருசம் வேற ஒண்டு வந்து கோழிக்கூடு தந்தது. அதுக்கிடையில நாங்கள் கோழியைக் கறி வைச்சிட்டம். பிறகு ஒரு மிஸ் வந்து கூட்டைப் போட்டோ எடுக்கோணும் எண்டா. என்ன செய்யிறது? பக்கத்து ஊரில ரெண்டு கோழி இரவல் வாங்கி உள்ள விட்டனாங்கள்.”

“அக்கா, இதையெல்லாம் உள்ளுக்கயே சொல்லியிருக்கலாமே.”

“போடி. வந்த பிள்ளையிட்ட உள்ளுக்க வைச்சு இதைச் சொல்லுறதே?”

இன்னொரு நாள் தானாகவே ஒருவனைப் பற்றிச் சொன்னார். “ஒருத்தன்தான் வேற மாதிரி. எந்த நாட்டானோ தெரியாது. மூண்டு நாள் எங்களோட தண்ணிக்க நடந்தவன். விழுந்து, எழும்பி, சங்கு வெட்டி, காலெல்லாம் ரத்தம். ஒரு கேள்வி கேக்கேல்லை. போகேக்க இதில நிண்டுதான் சொன்னவன், ‘உங்களுக்குத் தர என்னட்டை ஒண்டும் இல்லையம்மா, அந்த றோட்டைப் போடச்சொல்லி ஒரு கடிதம் மட்டும் எழுதுவன்’ எண்டு. றோட்டு வந்திட்டுது. அவன்ர பேர் ஒரு பலகையிலயும் இல்லை.”

“அவருக்கு உங்கட கதையெல்லாம் சொன்னீங்களோ?”

“சொன்னம். அவன் நிண்டவன்தானே.”

அதே படலையில்தான் இன்னொரு விஷயமும் சொல்லப்பட்டது. ஆலை வரப்போகிறது என்ற பேச்சு ஊரில் அடிபடத் தொடங்கிய நாட்கள். அந்த வழியில் மட்டும் கை வைக்கவேண்டாம் என்று சொல்லு பிள்ளை என்றார் பிலோமினா. சொல்கிறேன் அக்கா என்றாள் கலைவதனி.

அன்று அறைக்குத் திரும்பி அறிக்கையைத் திறந்தாள். கிணறுகள், வருமானம், பாடசாலை, நோய். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பதிவு நின்ற பிறகு சொன்னதற்குக் கட்டம் இல்லை. நாளைக்கு யாரிடமாவது கேட்டுப் பார்ப்போம் என்று மூடினாள். மறுநாள் வேறு ஊர். அதற்கடுத்த மாதம் வேறு மாவட்டம். யாரும் அவளைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. அவள் மறந்தும் போகவில்லை. செய்யவில்லை, அவ்வளவுதான்.

வாகனம் நின்றது.

பிலோமினாவின் மகள் நிசாந்தி வாசலுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. கறுப்பு உடுப்பு. உள்ளே ஒரு படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. காலையில் பூசை முடிந்து உறவினர்கள் போய்விட்டிருந்தார்கள். “வாங்கோ அக்கா. வாங்கோ சேர்,” என்றாள். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி வந்தது. பிஸ்கற் வந்தது. பக்கெற் அப்போதுதான் பிரிக்கப்பட்டது.

ஹென்ரிக் அனுதாபம் சொன்னார். கலைவதனி மொழிபெயர்த்தாள்.

“அவர் கேக்கிறார், அம்மாவுக்கு நீச்சல் தெரியாதோ எண்டு.”

“நடக்கிற ஆக்களுக்கு நீச்சல் எதுக்கு அக்கா?” என்றாள் நிசாந்தி.

அவர் தலையசைத்தார். பிறகு மெதுவாக, குழாய் வேலையைப் பற்றி அவளுக்கு ஏதாவது முறைப்பாடு இருக்கிறதா, தயங்காமல் சொல்லலாம், அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார்.

நிசாந்தி படத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கலைவதனியால் பார்க்க முடியவில்லை.

“ஒரு குறையும் இல்லை சேர். இனிக் குடிக்க நல்ல தண்ணி வரும்தானே. நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது.”

ஹென்ரிக் குறித்துக்கொண்டார். தன் இயந்திரம் சொன்னதையே இந்தப் பெண்ணும் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் சொல்கிறாள் என்பது அவர் முகத்தில் ஒரு ஆறுதலாகப் படர்ந்தது. ஆறுதலடைந்ததற்காக வெட்கப்பட்டதும் தெரிந்தது. தாளை எடுத்துக் கலைவதனியின் பக்கம் நகர்த்தினார்.

“வாகனத்தில் வைத்து எழுதுகிறேன்,” என்றாள் அவள்.

அவர் எழுந்து, கைகூப்பி, நேரே வாகனத்துக்கு நடந்தார். அவருடைய ஊரில் மரியாதை அதுதான். துக்க வீட்டில் அதிக நேரம் நிற்கக்கூடாது.

“அப்ப நான் போட்டு வாறன், நிசாந்தி.”

நிசாந்தி கூடவே வந்தாள். முற்றத்து மணல் காலில் சுட்டது. படலையில் அவள் கையை வைத்த இடம் தகரம் தேய்ந்து பளபளத்திருந்தது. அவளுடைய தாயும் அங்கேதான் வைப்பார்.

“அக்கா, தண்ணிக்குள்ள வெட்டின அந்தக் கிடங்கை மூடச் சொல்லுங்கோ.” அவள் களப்பைப் பார்த்தபடி சொன்னாள். “நாளையிலயிருந்து நான் இறங்கோணும். வேற வழி இல்லை. பகலில கிடங்கு எங்கயிருக்கு எண்டு தெரியும்தான். ஆனா கால் பயப்பிடுது. பழகின கால் பயந்தா பிறகு ஒரு அடி வைக்கேலாது. நல்ல தண்ணி வேணும்தான் அக்கா. வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? அந்தக் குழாயைக் கடல் பக்கமா விட்டா என்ன? ஏன் எங்களை ஒரு வார்த்தை கேக்கேல்லை?”

கலைவதனி திரும்பி, வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்த ஹென்ரிக்கைக் கூப்பிட்டாள். அவர் வந்தார்.

“இங்கே நில்லுங்கள்,” என்றாள். “அங்கேயில்லை, இங்கே. இவர்கள் பேசுகிற இடம் இதுதான். உள்ளே சொன்னது உபசாரம். அதைத்தான் நான் இரண்டு வருடம் பதிந்து அனுப்பினேன்.”

அவர் புரியாமல் பார்த்தார். அவள் நிசாந்தி சொன்னதை மொழிபெயர்த்தாள். வழக்கத்தைச் சொன்னாள். விதியைச் சொன்னாள். அவர் நெற்றியைத் தடவினார்.

“கலைவதனி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் நாற்பத்தொரு ஊர்களின் வேலையை நிறுத்தச் சொல்லும்போது, ஒரு பெண் படலையில் ஒருவிதமாகப் பேசினாள் என்று மட்டும் நான் எழுத முடியாது.”

“அதைத் தாருங்கள்.”

அவள் கைக்கணினியை வாங்கி ஊர்க்குரலைத் திறந்தாள். அவள் குரலில் அது கேட்டுப் பழகிய கேள்விகளையே கேட்டாள். சுகமாக இருக்கிறீர்களா? சுகம் பிள்ளை, கடவுள் காப்பாத்துறார். குழாய் களப்பு வழியாகப் போகலாமா? உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கோ. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

“இதைத்தான் நானும் கேட்டேன்,” என்றார் ஹென்ரிக். கணினியை மூடக் கையை நீட்டினார்.

“பொறுங்கள். எப்போதும் இப்படித்தான் மூடுவீர்களா?”

“வேறெப்படி?”

“போய்வருகிறேன் என்று சொன்னதில்லையா?”

“ஓர் இயந்திரத்திடமா?”

அவள் கணினியை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். அந்தப் பொத்தான் இறுகி நிற்காமல் ஓடிய நாட்கள் எவை என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஒன்றுமே இருக்கக்கூடாது என்றும் மனதின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது.

“அப்ப நான் போட்டு வாறன்,” என்றாள்.

ஊர்க்குரல் பேசவில்லை. களப்பில் நீர்க்காகம் ஒன்று இறங்கியது. முற்றத்தைக் கடக்க எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் அது மௌனமாக இருந்தது.

“பிள்ளை, நில்லு.”

அதே கலந்த குரல்தான். ஆனால் வேகம் மாறியிருந்தது. மூச்சு மாறியிருந்தது.

“நீ அந்தப் பெட்டியை நிப்பாட்டிப்போட்டாய்தானே? அப்ப சொல்லுறன். அந்தக் குழாயோ என்னவோ போடேக்க, நாங்கள் நடக்கிற வழியில மட்டும் கை வைக்கவேண்டாம் எண்டு சொல்லு. எங்களுக்கு அங்கால போக வேற நிலம் இல்லை. பெட்டிக்குச் சொல்லேல்லை. அதுக்கு விளங்காது. உனக்குச் சொல்லுறன். நீ சொல்லுவாய்தானே?”

நிசாந்தியின் கை படலையிலிருந்து நழுவியது.

“அம்மான்ர கதை,” என்றாள், யாருக்கும் இல்லாமல். “குரல் இல்லை. ஆனா அம்மா கதைக்கிற மாதிரியேதான்.”

ஹென்ரிக் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். கலைவதனி ஒரு வாக்கியத்தையும் விடாமல் சொன்னாள். ‘உனக்குச் சொல்லுறன்’ என்பதை இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

அவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். சோளகம் மணலை அள்ளி அவருடைய சப்பாத்தின்மேல் போட்டது.

“நாங்கள் அதனோடு அறுநூறு தடவைக்கு மேல் பேசியிருக்கிறோம்,” என்றார் கடைசியில். “எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து. இது அதற்குள் இருந்திருக்கிறது.”

“இருந்திருக்கிறது.”

“அப்படியென்றால் இனிமேல் படலையிலும் பதிவு செய்ய ஏற்பாடு பண்ணலாம். முறையாகச் சம்மதம் வாங்கி…”

“பண்ணலாம்,” என்றாள் கலைவதனி. “அப்போது றோட்டுக்கு வந்து நின்று பேசுவார்கள்.”

அவள் தாளைப் படலையின் தகரத்தில் வைத்து விரித்தாள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். ‘இல்லை’யில் அடையாளமிட்டாள். அதோடு கையெழுத்து வைத்திருக்கலாம். பிழை கருவியினுடையது, விதியினுடையது, தூரத்தினுடையது என்று ஆகியிருக்கும். அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்டங்களுக்குக் கீழே, வெறுமையாக இருந்த இடத்தில், தமிழில் எழுதினாள்.

‘எனக்குச் சொன்னார்கள்.’

அதற்குக் கீழே பெயரை எழுதித் தாளை ஹென்ரிக்கிடம் கொடுத்தாள். அவரால் அதை வாசிக்க முடியாது. ஆனாலும் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாகனத்துக்குப் போகாமல், அங்கேயே நின்றார்.

கைக்கணினி இன்னும் திறந்திருந்தது. அவர்கள் போகாமல் நிற்பதைக் கேட்டுக்கொண்டிருந்ததைப் போல அது மீண்டும் பேசியது. இப்போது குரலில் அவசரமில்லை.

“சரி, வெயில் ஏறுது, போட்டு வா பிள்ளை. படலையைச் சாத்திப்போட்டுப் போ. ஆடு வெளியில போயிடும்.”

நிசாந்தி குனிந்து, அந்தக் கண்ணாடித் திரைக்கு வெகு அருகில் வந்தாள்.

“ஆட்டை வித்தாச்சம்மா,” என்றாள்.

கலைவதனி வெளியே வந்து, படலையைச் சத்தம் வராமல் சாத்தினாள்.